மருத்துவக் கல்வியின் வாயிலில்

(அமெரிக்காவில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் கல்வி நாளன்று ஆற்றிய சொற்பொழிவு)



மருத்துவ சாஸ்திரத்தின் வழியாக இந்த நாட்டுக்கும் தமிழ் வழங்கும் நிலங்களுக்கும் ஏற்பட்ட உறவு நேற்று இன்று தோன்றியதன்று. மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பிறந்த டாக்டர் சாமுவேல் கிரீன், 1847-இல் யாழ்ப்பாணம் சென்று, மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழ் மொழியிலேயே மாணாக்கர்களுக்குப் போதித்து, அதற்கு வேண்டிய நூல்களையும் தமிழில் ஆக்கித் தந்தார். இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், நியூயார்க் நகரில் இருந்த கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-இல் பட்டம் பெற்று, வேலூருக்குத் திரும்பி, 1918-இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அங்கிருந்து இங்கு குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளாகிய நீங்கள், இன்று இந்நாட்டுக் கல்லூரிகளில், மருத்துவப் பள்ளிக்குத் தயாராகும் 'பிரீ-மெட்' மாணவர்களாகச் சேர்ந்து அந்த நெடிய உறவைத் தொடர விரும்புகிறீர்கள். உங்கள் லட்சியம் உயர்ந்தது. அதைப்பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த லட்சியத்தை நோக்கிப் புறப்பட்ட பிள்ளைகளில் பலர், முதலிரண்டு ஆண்டுகளிலேயே விஞ்ஞான பாடங்களின் பாரத்தால் சோர்ந்து, தங்களுக்குத் தகுதி இல்லையென்று தாங்களே தீர்ப்பெழுதிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கல்லூரியில் இரசாயனம் போதிப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அவர்களுக்காகவே நான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே. அவர்களைச் சோர்வடையச் செய்வது பாடங்களின் கடினம் அன்று. அவற்றை அளவும் ஒழுங்கும் இன்றி ஒரே சமயத்தில் தலைமேல் ஏற்றிக்கொள்ளும் அவசரம். கடினமான பாடத்தைப் பிரயாசையால் வெல்லலாம். அவசரத்தை நிதானம் ஒன்றினால்தான் வெல்ல முடியும்.

முதலில், இந்தப் பாரம் எதனால் ஏற்பட்டது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நாட்டில் இருந்த மருத்துவப் பள்ளிகளில் பல, உயர்நிலைப் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர்களைக் கட்டணம் பெற்றுக்கொண்டு சேர்த்து, நுண்ணோக்கியைக் கண்ணில்கூடக் காட்டாமல் டாக்டர்களாக்கி அனுப்பிக்கொண்டிருந்தன. 1893-இல் பால்டிமோரில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி, கல்லூரிப் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமே இடமுண்டு என்று விதித்தது. பிறகு கார்னெகி நிறுவனத்தின் சார்பில், கென்டக்கி மாநிலத்துப் பள்ளி ஆசிரியராக இருந்த ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்பவர், அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து 1910-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். இரசாயனம், உயிரியல், பௌதிகம் ஆகிய மூன்றிலும் அடிப்படை இல்லாதவனுக்கு நவீன மருத்துவத்தைக் கற்பிக்க இயலாது என்பது அந்த அறிக்கையின் சாரங்களில் ஒன்று. இன்று உங்கள்மேல் உள்ள பாடச் சுமையின் வேர் அங்கேதான் இருக்கிறது. நோயாளியின் உயிரைக் காப்பாற்றுவதற்காக விதிக்கப்பட்ட சுமை அது என்று உணர்ந்தவர்களுக்கு, அதைச் சுமப்பதில் வெறுப்புத் தோன்றாது.

அந்தச் சுமைதான் எவ்வளவு? பொது இரசாயனம் ஓராண்டு, கரிம இரசாயனம் ஓராண்டு, உயிரியல் ஓராண்டு, பௌதிகம் ஓராண்டு. இவை நான்கும் ஆய்வுகூடப் பயிற்சியோடு. இவற்றுக்கு மேல் உயிர்-இரசாயனம், கணிதம் அல்லது புள்ளியியல், ஆங்கிலம். 2015 முதல், மருத்துவப் பள்ளிகளின் நுழைவுத் தேர்வாகிய எம்கேட் தேர்வின் நான்கு பகுதிகளில் ஒன்று மனவியலையும் சமூகவியலையும் தழுவியதாக அமைந்துவிட்டமையால் அவையும் சேர்ந்துவிட்டன. கல்லூரிக்குக் கல்லூரி சிறிது வேறுபட்டாலும், மொத்தத்தில் பட்டியல் இதுதான். நான்காண்டுகளில் நிதானமாக விரித்துப் படித்தால் சராசரி அறிவுள்ள எந்த மாணவனாலும் இதை முடிக்க முடியும். முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் அடைத்துவிட முயலும்போதுதான் மூச்சு முட்டுகிறது.

இதை நாம் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 56 போக மீதி 112. உணவு, குளியல், நடை ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கினால் 21, மீதி 91. ஆய்வுகூடத்தோடு கூடிய இரண்டு விஞ்ஞான பாடங்களையும் வேறு இரண்டு பாடங்களையும் ஒரு மாணவி எடுத்திருக்கிறாள் என்று கொள்வோம். விரிவுரைகளுக்கு 12 மணி நேரம், இரண்டு ஆய்வுகூடங்களுக்கு ஆறு, ஒவ்வொரு விரிவுரைக்கும் அறையில் இரண்டு மணி நேரப் படிப்பு என்னும் வழக்கமான விதிப்படி 24, ஆய்வுகூட அறிக்கைகள் எழுத ஆறு, ஆக 48. மருத்துவமனைத் தொண்டுக்கு நான்கு மணி நேரமும், ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சியில் உதவுவதற்கு எட்டு மணி நேரமும் கொடுத்தால்கூட, அவளுக்கு வாரத்தில் 31 மணி நேரம் மிஞ்சுகிறது. இரண்டு விஞ்ஞான பாடங்களை ஏற்றவள் மூச்சுவிடவும், நண்பர்களோடு உறவாடவும், தாயாரோடு தொலைபேசியில் பேசவும் இடம் இருக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

அப்படியானால் மூன்றாவது விஞ்ஞான பாடத்தையும் எடுத்துக்கொள்ளலாமே என்று சில புத்திசாலிப் பிள்ளைகள் கேட்பார்கள். மற்றப் பாடம் ஒன்றை விலக்கி அதனிடத்தில் வைத்தால், வாரக் கணக்கில் ஆறு மணி நேரம்தான் கூடுகிறது. காகிதத்தில் பார்த்தால் அதற்கும் இடம் இருக்கிறது. ஆனால் பாடங்கள் வாரந்தோறும் ஒரே சீராக வருவதில்லை. இடைத்தேர்வுகள் எல்லாப் பாடங்களிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வருகின்றன. பருவத்தின் ஐந்தாம், ஆறாம் வாரங்களில் திங்கட்கிழமை பௌதிகத் தேர்வு, புதன்கிழமை கரிம இரசாயனத் தேர்வு, வியாழக்கிழமை உயிரியல் தேர்வு, இடையில் இரண்டு ஆய்வுகூட அறிக்கைகள் என்று வந்து நிற்கும்போது, வாரச் சராசரியாகப் போட்ட கணக்கு எதற்கும் உதவாது. பிள்ளைகள் இடறுவது சராசரி வாரத்தில் அன்று. இந்த ஒரு வாரத்தில்தான்.

ஆகையால் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இது. பருவத்தின் முதல் வாரத்தில் ஒவ்வொரு பேராசிரியரும் கொடுக்கும் சிலபஸ் தாளை வாங்கிப் பைக்குள் திணித்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பி, ஒரே பெரிய தாளில் பதினைந்து வாரங்களுக்கும் கட்டம் போட்டு, தேர்வு நாட்களைச் சிவப்பு மையிலும் அறிக்கை நாட்களை நீல மையிலும் எழுதுங்கள். எந்த வாரத்தில் சிவப்பு நெருங்கி நிற்கிறதோ, அந்த வாரத்துக்குரிய படிப்பு அதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே தொடங்க வேண்டும். சிவப்பு மூன்று இடங்களில் நெருங்குவதைக் கண்டால், ஒரு பாடத்தை மாற்றிக்கொள்ள முதல் வாரத்திலேயே வழி உண்டு. ஆறாம் வாரத்தில் அந்த வழி அடைபட்டுப்போகும். இதற்கு அரைமணி நேரம்கூடத் தேவையில்லை. ஆயினும் இதைச் செய்த பிள்ளைக்கும் செய்யாத பிள்ளைக்கும் பருவத்தின் இறுதியில் காணும் பேதத்தை ஆண்டுதோறும் நான் பிரத்தியட்சமாகப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தபடியாக, படிக்கும் முறை. மணி நேரங்களைக் கூட்டிக்கொண்டே போவதால் பாரம் குறையாது. பலவாகத் தோன்றுபவற்றின் அடியில் உள்ள ஒன்றைக் கண்டுகொள்வதால் குறையும். கரிம இரசாயனத்தையே உதாரணமாகக் கொள்வோம். பிரீ-மெட் மாணவர்களை மிகவும் அச்சுறுத்துகிற பாடம் அதுவே. நூற்றுக்கணக்கான வினைகளை நூற்றுக்கணக்கான சிறு அட்டைகளில் எழுதி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, பேருந்திலும் சாப்பாட்டு மேஜையிலும் உருப்போடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய சிரத்தை போற்றத்தக்கது, வழி சரியானதன்று. கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்த கார்பனைல் தொகுதியில், ஆக்சிஜன் எலெக்ட்ரான்களைத் தன்பால் இழுத்துக்கொள்வதால் கார்பன் சிறிது நேர்மின் தன்மை அடைகிறது. எலெக்ட்ரான் மிகுந்த வேறொரு மூலக்கூறு வந்து அந்தக் கார்பனைத் தாக்குகிறது. இந்த ஒரு தத்துவத்தை வெற்றுத் தாளில் அம்புக்குறிகளோடு பிழையின்றி வரையத் தெரிந்துகொண்டவனுக்கு, அட்டைக் கட்டில் பெரும்பகுதி தேவையற்றுப் போய்விடும்.

அத்தோடு முடியவில்லை. நம் உயிரணுக்களில் புரதம் உருவாகும்போது ஓர் அமினோ அமிலம் மற்றொன்றோடு இணைவதும் இதே வகைத் தாக்குதலால்தான். ஆஸ்பிரின் வலியைத் தணிப்பது எப்படி? வலியையும் வீக்கத்தையும் தூண்டும் பொருள்களை உண்டாக்குகிற ஒரு நொதியில் உள்ள செரீன் என்னும் அமினோ அமிலம், ஆஸ்பிரினின் கார்பனைல் கார்பனைத் தாக்கி, அதிலுள்ள அசெட்டைல் தொகுதியைத் தன்மேல் ஏற்றுக்கொள்வதால், அந்த நொதி செயலற்றுப் போகிறது. பெனிசிலின் பாக்டீரியாக்களை அழிப்பதும், அவற்றின் சுவரைக் கட்டும் நொதியின் செரீன் இதேபோலப் பெனிசிலினின் வளையத்தைத் தாக்கி அதில் சிக்கிக்கொள்வதால்தான். இரண்டாம் ஆண்டில் இந்தத் தத்துவத்தை உள்ளபடி அறிந்த மாணவனுக்கு மூன்றாம் ஆண்டின் உயிர்-இரசாயனத்தில் பாதிப் பாரம் முன்கூட்டியே இறங்கிவிடுகிறது. மருந்தியல் படிக்கும்போது இன்னும் கொஞ்சம் இறங்குகிறது.

பௌதிகமும் அப்படியே. டாக்டராகப் போகிறவனுக்குக் குழாயில் ஓடும் திரவத்தின் சமன்பாடு எதற்கு என்று கேட்பவர்கள், அந்தச் சமன்பாட்டைத் தந்த பொய்சேய் ஒரு பிரெஞ்சு மருத்துவர் என்பதையும், இரத்தம் நுண்குழல்களில் எப்படி ஓடுகிறது என்று அறியும் ஆவலே அவரை அந்த ஆராய்ச்சியில் ஈடுபடுத்தியது என்பதையும் அறிய வேண்டும். குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்பது அதன் முடிவு. இருதயத்துக்குச் செல்லும் இரத்தக் குழாய் சுருங்குவது ஏன் அத்தனை அபாயம் என்பதை, இந்த ஒரு வரி விளக்கிவிடுகிறது.

ஞாபகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாடப்புத்தகத்தில் மஞ்சள் மையால் கோடிட்டு, மீண்டும் மீண்டும் படிப்பதே படிப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இரு மனவியல் அறிஞர்கள் நடத்திய பரிசோதனையின் முடிவு 2006-இல் வெளிவந்தது. மாணவர்கள் ஒரு பாடத்தை இருமுறை படித்தார்கள். மற்றொரு பாடத்தை ஒருமுறை படித்து, பிறகு அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்த பாடமே சிறிது அதிகமாக நினைவில் நின்றது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, நினைவிலிருந்து எழுதிய பாடத்தில் 56 சதவீதமும், இருமுறை படித்த பாடத்தில் 42 சதவீதமும் நினைவில் இருந்தன. தேர்வுக்கு முந்தைய இரவில் விழித்திருந்து படிப்பவன், ஐந்து நிமிட ஞாபகத்தை நம்பித் தன் எதிர்காலத்தை ஒப்படைக்கிறான். எனவே ஒவ்வொரு நாளும் விரிவுரை முடிந்து அறைக்குத் திரும்பியதும், குறிப்பேட்டைத் திறப்பதற்கு முன் வெற்றுத் தாளை எடுத்து, அன்று கேட்டதை நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். எங்கே எழுத வரவில்லையோ, அங்கேதான் அன்றைய படிப்பு தொடங்க வேண்டும்.

தனியாக அறைக்கதவை அடைத்துக்கொண்டு படிப்பதே உத்தமம் என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. 1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர், நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் எவ்வளவு உழைத்தும் ஏன் தோற்கிறார்கள் என்று ஆராய்ந்தார். அவர்கள் சோம்பியிருக்கவில்லை. உழைத்தார்கள், ஆனால் தனியே உழைத்தார்கள். அதே பாடத்தில் நன்றாகத் தேறிய சீன மாணவர்களோ தனியே படித்த பிறகு ஒன்றுகூடி, விடைகளை ஒப்பிட்டு, ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினார்கள். இதைக் கண்ட டிரைஸ்மன், கடினமான கணக்குகளைக் கூட்டாக விடுவிக்கும் வகுப்புகளை ஏற்படுத்தியபோது, முன்பு தோற்றுக்கொண்டிருந்தவர்களின் நிலை மிகவும் உயர்ந்தது. மூன்று அல்லது நான்கு பேர் சேர்ந்த ஒரு குழு உங்களுக்கு அவசியம். பேராசிரியர்கள் மாணவர்களைச் சந்திப்பதற்கென்று ஒதுக்கியிருக்கும் நேரத்தைப் பயன்படுத்துங்கள். சந்தேகம் கேட்பது அவமானம் என்று கருதி என் அறை வாசல்வரை வந்து திரும்பிப் போன பிள்ளைகளை நினைத்தால் இன்றும் என் மனம் வருந்துகிறது.

தூக்கத்தைக் குறைத்துப் பாடத்தைக் கூட்டலாம் என்ற எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். பகலில் கற்றது மனத்தில் நிலைபெறுவது பெருமளவு உறக்கத்தின்போதே என்பது இன்று உடலியல் அறிஞர்கள் ஒப்புக்கொண்ட உண்மை. பிறருடைய ஆரோக்கியத்தைக் காக்கும் தொழிலுக்குப் போகிறவர்கள், தங்கள் ஆரோக்கியத்தை அழித்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வது முறையாகாது.

இத்தனையும் செய்தும் ஒரு பாடம் கைமீறிப் போவதுண்டு. அப்போது என்ன செய்வது? விலகிக்கொள்வதற்குக் கல்லூரி குறித்திருக்கும் தவணை நாளுக்கு முன்பே ஆலோசகரைப் பார்த்துப் பேசுங்கள். மதிப்பெண் பட்டியலில் விலகியதைக் குறிக்கும் ஒரே ஒரு எழுத்து உங்கள் எதிர்காலத்தைக் கெடுத்துவிடாது. அது சராசரியில் சேருவதுமில்லை. ஆனால் மருத்துவப் பள்ளிகளின் பொது விண்ணப்பத்தில், தோற்ற பாடத்தை மறுபடி படித்து மேலான மதிப்பெண் பெற்றாலும், பழைய மதிப்பெண்ணும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. உயிரியல், இரசாயனம், பௌதிகம், கணிதம் ஆகியவற்றுக்கெனத் தனிச் சராசரியும் போடப்படுகிறது. ஆகவே வீம்புக்காக ஒரு பாடத்தில் கடைசிவரை நின்று தோற்பதைக் காட்டிலும், தக்க தருணத்தில் விலகிப் பின்பு நன்றாகப் படிப்பதே விவேகம்.

விஞ்ஞானமே படித்தாக வேண்டும் என்று எண்ணி, ஒவ்வொரு பருவத்திலும் மற்றப் பாடங்களையெல்லாம் விலக்கிவிடுவதும் தவறு. டாக்டர் லூயிஸ் தாமஸ் என்ற மருத்துவ அறிஞர், பிரீ-மெட் பாடங்கள் கல்லூரிக் கல்வியின் உயிர்ப்பையே கெடுக்கின்றன என்று 1978-இலேயே எச்சரித்து எழுதினார். நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவப் பள்ளி, இலக்கியமும் வரலாறும் தத்துவமும் படித்த மாணவர்களுக்கென்றே 1987 முதல் தனி வழி வகுத்து, அவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகவே தேறுவதையும் கண்டது. நாடெங்கும் உள்ள மருத்துவப் பள்ளிகளில் சேர்வதிலும், இலக்கியம், வரலாறு போன்றவற்றைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்கள் உயிரியல் எடுத்தவர்களுக்குப் பின்தங்கியவர்களாக இல்லை. ஆதலால் இரண்டு விஞ்ஞான பாடங்களுக்கு நடுவே ஒரு வரலாற்றுப் பாடத்தையோ இலக்கியப் பாடத்தையோ வைத்துக்கொள்வது நேரத்தை வீணாக்குவதாகாது. நோயாளி சொல்லும் கதையைப் பொறுமையாகக் கேட்டு, அதிலிருந்து உண்மையைப் பிரித்தெடுக்கும் திறமை, அந்தப் பாடங்களில்தான் வளர்கிறது.

இனி, பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் 50,000-க்கு மேற்பட்டவர்கள் மருத்துவப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 23,000 பேருக்கே இடம் கிடைக்கிறது. இந்தப் போட்டியைக் கேள்விப்பட்டு நீங்கள் அஞ்சுவது இயல்பே. ஆனால் அந்த அச்சத்தால் பிள்ளையை அவசரப்படுத்தினால், அவனுக்குப் போட்டியில் நிற்கும் வலிமையே போய்விடும். இன்று மருத்துவப் பள்ளியில் அடியெடுத்து வைப்பவர்களில் பெரும்பான்மையோர், பட்டம் பெற்றபின் ஓராண்டோ இரண்டாண்டோ ஆராய்ச்சிக் கூடத்திலோ மருத்துவமனையிலோ பணியாற்றிய பிறகே வருகிறார்கள். அந்த இடைவெளியைத் தோல்வியாகவோ தாமதமாகவோ எண்ண வேண்டாம். பந்துக்களின் வீட்டுக் கல்யாணத்தில் 'உங்கள் பிள்ளை இன்னும் சேரவில்லையா?' என்று யாரேனும் கேட்டுவிடுவார்களே என்பதற்காக, பக்குவம் அடையாத பிள்ளையை எம்கேட் தேர்வுக்கு அனுப்பாதீர்கள். 230 கேள்விகளும் நாள் முழுவதும் நீளும் உழைப்பும் கொண்ட அந்தத் தேர்வு, ஆயத்தமாக வந்தவர்களுக்கே நற்பலன் தரும். மேலும், இரண்டாம் ஆண்டில் உங்கள் மகள் மருத்துவத்தை விட்டு வேறொரு துறையை விரும்புகிறேன் என்று சொன்னால், அவள் குரலில் இருப்பது களைப்பா தெளிவா என்று பொறுமையாகக் கேட்டறியுங்கள். களைப்பானால் ஒரு பாடத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். தெளிவானால் மனமார ஆசீர்வதியுங்கள்.

மாணவச் செல்வங்களே, வருங்காலத்தில் உங்கள் எதிரே வந்து அமரப்போகும் நோயாளி, நீங்கள் எத்தனை பாடங்களை ஒரே பருவத்தில் எடுத்தீர்கள் என்று கேட்கமாட்டார்; எதை நன்றாக அறிவீர்கள் என்பதையே நம்பி வருவார். ஆகையால் அடுத்த பருவத்துக்குப் பெயர் பதிவு செய்யும்போது, ஆய்வுகூடத்தோடு கூடிய விஞ்ஞான பாடங்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்; அந்த இரண்டையும் அடிவரை தோண்டிப் படியுங்கள்; இரவில் உறங்குங்கள்; கேட்கத் தோன்றும் சந்தேகத்தைக் கூசாமல் கேளுங்கள். இந்த நான்கையும் இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள் என்பது உங்களுக்கு என் வேண்டுகோள்.